சீட்டுக்கட்டு ஆகாத வீட்டில் ஒரு சீட்டாட்டம்

எங்கள் வீட்டில் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் இன்னொரு தாளும் தொங்கும். அது என் கணவரின் ஷிப்ட் அட்டவணை. ஒரகடத்தில் மோட்டார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. ஒரு வாரம் விடியற்காலை, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் இரவு. பையன் டிப்ளமா முடித்துவிட்டு வேறொரு கம்பெனியில் பயிற்சியில் இருக்கிறான்; அவன் அட்டவணை வேறு. மகள் 9-ம் வகுப்பு. மாமியாருக்கு வயது 74. அவருக்கு என்றைக்கும் ஒரே ஷிப்ட்தான், திண்ணை ஷிப்ட்!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் பக்கம் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஒருவர் சாப்பிட உட்காரும்போது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஐந்து பேரும் சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டால் அன்றைக்கு எங்கள் வீட்டில் பண்டிகை என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்படிச் சேர்ந்தாலும் என்ன? ஆளுக்கு ஒரு செல்போன். தட்டைப் பார்க்காமலே சாப்பாடு உள்ளே போகும்.

இந்த வீட்டுக்குள் 'சீக்வென்ஸ்' என்று ஒரு பலகை விளையாட்டு வந்து உட்கார்ந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். பலகையும் உண்டு, சீட்டும் உண்டு, யோசனையும் வேண்டும். ஏழு வயசுக் குழந்தைக்குக் கூடப் பத்து நிமிஷத்தில் கற்றுக் கொடுத்துவிடலாம். ஆனால் எங்கள் வீட்டில் அது நுழைவது அவ்வளவு சுலபமாக இல்லை. காரணம், அதில் சீட்டு இருக்கிறதே!

என் மாமனார் நல்ல மனிதர்தான். மங்காத்தா ஒன்றுதான் அவருக்கு எமன். ஏரிப் பாசனத்தில் இருந்த 80 சென்ட் நஞ்சை நிலத்தை ஒரு பொங்கல் சமயத்தில் மூன்று ராத்திரி உட்கார்ந்து தோற்றுவிட்டார். அப்போது என் கணவருக்கு ஐந்து வயது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். பக்கத்தில் ஒவ்வொன்றாக வந்தன. மண்ணுக்கு விலை ஏறின ஏற்றத்தைச் சொல்லி மாளாது. மாமனார் தோற்ற நிலத்தில் இன்றைக்கு லாரி நிறுத்துகிறார்கள். பஸ்ஸில் அந்த இடத்தைத் தாண்டும்போது அத்தை ஜன்னல் பக்கம் திரும்பவே மாட்டார்.

அதனால் எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு கிடையாது. கல்யாணமாகி நான் வந்த புதிதில் என் தம்பி ஒரு கட்டு கொண்டு வந்தான். "ஊட்டுக்குள்ள அது வந்தா நான் வெளிய போறேன்" என்று அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

காகிதச் சீட்டை வாசலோடு தடுத்தோம். செல்போனில் வந்ததை யார் தடுத்தது? 2022-ல் என் கணவர் இரவு ஷிப்ட் இடைவேளையில் போனில் ரம்மி ஆட ஆரம்பித்திருக்கிறார். முதலில் நூறு, இருநூறு. ஜெயித்த பணத்தில் மகளுக்குக் கொலுசு கூட வாங்கி வந்தார். நானும் ஏதோ ஓவர்டைம் பணம் என்று நினைத்துக்கொண்டேன். என் மூன்று பவுன் செயின் பீரோவில் இல்லை என்று தெரிந்த அன்றுதான் எல்லாம் வெளியே வந்தது. மொத்தம் 1,85,000 ரூபாய். அத்தை இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அப்பன் கையி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போனார். (அவரைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுது, நாலு பேர் படிக்கட்டும்" என்றார்.)

பணம் வைத்து ஆடும் இந்த ஆட்டங்களுக்கு எதிராக நம் மாநில அரசு 2022-ல் கொண்டு வந்த சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த நவம்பரிலேயே, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்கு அந்தத் தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2025 ஆகஸ்டில் மத்திய அரசே நாடு முழுவதற்கும் தடைச் சட்டம் இயற்றியது. சட்டம் அதன் வழியில் போகட்டும். வீட்டில் ஒருவருக்கு இந்தப் பழக்கம் பிடித்துவிட்டதென்றால் மறைக்காதீர்கள். 14416 என்ற அரசாங்க மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். நாங்கள் பேசினோம். போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாதாரண பட்டன் போனுக்கு அவர் மாறியது அதற்குப் பிறகுதான்.

நிற்க. விளையாட்டுக்கு வருகிறேன்.

2023 தீபாவளிக்கு எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் பெண், ஊருக்குப் போய் வந்தவள், ஒரு பெட்டியை என் மகளிடம் கொடுத்தாள். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண், செல்போன் கம்பெனியில் வேலை. இந்தப் பக்கம் அப்படி ஆயிரக்கணக்கில் பெண்கள் இருக்கிறார்கள். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்.

மகள் ஆசையாகப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு சீட்டுக்கட்டு! அத்தை கண்ணில் அது பட்டதும் நான் எழுத முடியாத வார்த்தைகளெல்லாம் வந்தன. மாடிப் பெண் பாவம், "பாட்டி, இது காசு ஆட்டம் இல்ல, குழந்தைங்க ஆடுறது" என்றாள். "அப்பிடித்தான் ஆரம்பிக்கும்" என்றார் அத்தை. பெட்டி பரணுக்குப் போனது.

அதைப் பரணிலிருந்து இறக்கியது மிக்ஜாம் புயல்தான். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்த மழையை யார் மறப்பார்கள்? தொழிற்சாலைகளுக்கு லீவு விட்டுவிட்டார்கள். இரண்டு நாள் கரண்ட் இல்லை. போன்கள் எல்லாம் செத்துப் போயின. ஐந்து பேரும் ஒரே கூரைக்கு அடியில், ஒரே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஒருவரை ஒருவர் பார்த்தபடி! மாடிப் பெண்ணும் கீழே வந்து உட்கார்ந்திருந்தாள். பையன்தான் மெதுவாக, "ஆயா, அந்தப் பெட்டியை எடுக்கட்டுமா?" என்றான். அத்தை பதில் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லையே! அதுவே போதும் என்று பையன் பரணில் ஏறிவிட்டான்.

விளையாடுவது எப்படி?

பலகையில் பத்துக்குப் பத்து, மொத்தம் 100 கட்டங்கள். நான்கு மூலைக் கட்டங்களும் பொது, யார் வேண்டுமானாலும் தன்னுடையதாக எண்ணிக் கொள்ளலாம். மீதி 96 கட்டங்களில் சீட்டுப் படங்கள். ஜாக்கி நான்கையும் விட்டுவிட்டால் ஒரு கட்டில் 48 சீட்டு. ஒவ்வொன்றும் இரண்டு தடவை. கணக்கு சரிதானே? கையில் பிரித்துக் கொடுப்பதற்கு இரண்டு கட்டு, 104 சீட்டு. ஜோக்கர் கிடையாது.

இருவர் ஆடினால் ஆளுக்கு 7 சீட்டு, மூன்று நான்கு பேர் என்றால் 6, ஆறு பேர் என்றால் 5. மீதியைக் கவிழ்த்து நடுவில் வைத்துவிட வேண்டும். உங்கள் முறை வரும்போது கையிலிருந்து ஒரு சீட்டை எல்லோரும் பார்க்கக் கீழே போடுங்கள். பலகையில் அதே படம் உள்ள இரண்டு கட்டங்களில் காலியாக இருக்கும் ஒன்றில் உங்கள் வில்லையை வையுங்கள். நடுக்கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுத்துக் கொள்ளுங்கள். அவ்வளவுதான்! படுக்கையாகவோ, நெடுக்கையாகவோ, மூலைவாட்டிலோ ஐந்து வில்லை ஒரே வரிசையில் சேர்ந்துவிட்டால் ஒரு 'சீக்வென்ஸ்'. மூலைக் கட்டத்தைச் சேர்த்தால் நான்கு வில்லையே போதும். இரண்டு கட்சியாக ஆடினால் இரண்டு வரிசை போட்டவர் ஜெயித்தவர். மூன்று கட்சி என்றால் ஒரே வரிசை போதும்.

சுவாரசியமெல்லாம் ஜாக்கியில்தான் இருக்கிறது. சீட்டுக்கட்டை எடுத்து உற்றுப் பாருங்கள். ஆட்டின் ஜாக்கியும் இஸ்பேட் ஜாக்கியும் பக்கவாட்டில் திரும்பியிருப்பார்கள், ஒரு கண்தான் தெரியும். டைமன், கிளாவர் ஜாக்கிகளுக்கு இரண்டு கண்ணும் தெரியும். எத்தனை வருஷமாகச் சீட்டாடுகிறவர்களுக்கும் இது தெரிந்திருக்காது! இரண்டு கண் ஜாக்கி வந்தால் பலகையில் காலியாக இருக்கும் எந்தக் கட்டத்திலும் வில்லை வைக்கலாம். ஒற்றைக் கண் ஜாக்கி வந்தால் எதிராளியின் வில்லை ஒன்றை எடுத்துவிடலாம். ஆனால் முடிந்துபோன வரிசையில் கை வைக்கக் கூடாது.

இன்னும் இரண்டு மூன்று விதிகள். கையில் உள்ள சீட்டுக்கு இரண்டு கட்டங்களுமே நிரம்பிவிட்டால் அது செத்த சீட்டு. உங்கள் முறை வரும்போது அதைப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடரலாம். வில்லை வைத்துவிட்டுச் சீட்டு எடுக்க மறந்து, அடுத்தவர் ஆடிவிட்டால் அவ்வளவுதான், கடைசி வரை ஒரு சீட்டு குறைவாகத்தான் ஆட வேண்டும். (எனக்கு இது வழக்கம். குக்கர் விசில் எண்ணுவதா, சீட்டு எடுப்பதா?) கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் ஜாடை காட்டினால் அந்தக் கட்சியில் எல்லோரும் ஆளுக்கு ஒரு சீட்டு போட வேண்டும். ஐந்து பேர் ஆட முடியாது. இரண்டு அல்லது மூன்று சம கட்சியாகப் பிரிய வேண்டும். அதனால் ஐந்து பேர் இருந்தால் ஒருவர் வெளியே. யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் மின்னசோட்டாவைச் சேர்ந்த டக் ராய்ட்டர் என்பவர். 1970-களில் உருவாக்கினார், ஜாக்ஸ் என்ற கம்பெனி 1982-ல் கடைக்குக் கொண்டு வந்தது.

அத்தை எழுந்து உட்கார்ந்தார்

புயல் ராத்திரிக்கு வருவோம். பையன், மகள், மாடிப் பெண், நான், நாலு பேர் ஆடினோம். என் கணவர் பக்கத்தில் வரவே இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டம் முடிந்து இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. "ஏண்டி, அவன் நாலு சேத்துட்டான், கண்ணு தெரியல உனக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அத்தை எழுந்து உட்கார்ந்திருக்கிறார்!

என் மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆடு புலி ஆட்டத்தில் அவரை ஜெயிக்க அந்தத் தெருவில் ஆளில்லை. புளியங்கொட்டையைத் தரையில் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கித் தாயம் உருட்டினால் கேட்ட எண் விழும். புலியை எந்த இடத்தில் மறிப்பது என்று அறுபது வருஷமாக யோசித்த மூளை அல்லவா? சீட்டை அவர் தொடவில்லை. மகள் கையில் உள்ளதை எட்டிப் பார்த்து, விரலால் கட்டத்தைக் காட்டினார். "நாலு மூலையும் தாயக்கட்டத்துல மலை மாதிரி. அங்க போயி ஒட்டிக்கோ" என்றார். அந்த ஆட்டம் மகள் கட்சிக்குத்தான் ஜெயம்.

மறுநாளும் மழை. மகள் கெஞ்சினாள். "காசு வெக்க மாட்டீங்களே?" என்று மூன்று தடவை கேட்டார் அத்தை. "புளியங்கொட்டை கூட வெக்க மாட்டோம் ஆயா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் முதல் சீட்டைக் கையில் எடுத்தார். எனக்கென்னவோ அழுகை வந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அன்றைக்கே ஜாக்கிகளுக்குப் பெயரும் வைத்துவிட்டார்: ஒத்தைக் கண்ணன், ரெட்டைக் கண்ணன். எட்டு ஜாக்கியில் எத்தனை போய்விட்டது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பார். "ரெட்டைக் கண்ணனை அவசரப்பட்டு இறக்காதே, கல்யாணத்துக்கு வெச்ச புடவை மாதிரி அவன்" என்பது அவர் பாடம். இன்னொன்று, ஒரே வரிசையை நம்பாமல் இரண்டு வரிசை குறுக்கே வெட்டிக்கொள்கிற இடமாகப் பார்த்துப் பிடிக்க வேண்டுமாம். எதிராளி ஒன்றை மறித்தால் மற்றது இருக்கும்.

சீட்டு என்றாலே பாவம் என்று நினைத்த அத்தையிடம் பிறகு ஒரு நாள் கஞ்சீஃபா பற்றிச் சொன்னேன். வட்டமான சீட்டுகள், கையால் வரைந்த ஓவியங்கள். அதில் தசாவதாரக் கஞ்சீஃபா என்று ஒன்று, அவதாரத்துக்கு 12 வீதம் 120 சீட்டு. மைசூர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் புதுப்புதுச் சீட்டாட்டங்களே வகுத்தவராம். "பெருமாளையே சீட்டுல போட்டானா?" என்று ஆச்சரியப்பட்டார். ராமானுஜர் பிறந்த ஊர்க்காரர் அல்லவா! வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழித்து நாம் ஆடுகிற பரமபதத்தைத்தானே வெள்ளைக்காரன் பாம்பும் ஏணியுமாக்கி நமக்கே விற்றான் என்று நானும் ஒரு போடு போட்டேன்.

என் கணவர் மட்டும் சேரவில்லை. நாங்கள் ஆடும்போது டிவி பக்கம் போய்விடுவார். நானும் வற்புறுத்தவில்லை. உள்ளுக்குள் பயம்தான். சீட்டைக் கையில் எடுத்தால் பழைய ஞாபகம் வந்துவிட்டால்? எந்த விளையாட்டும் இந்த நோய்க்கு மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்குச் சீட்டைப் பார்க்காமலே இருப்பதுதான் நல்லதாக இருக்கலாம். அவரவர் வீட்டு நிலைமை அவரவருக்குத் தெரியும்.

2024 மாட்டுப் பொங்கலன்று மதியம். மாடிப் பெண் ஊருக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டுக்கு நான் தட்டு கொண்டு போகக் கிளம்பினேன், ஆள் மூன்றானது. அத்தை சீட்டைக் கலைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "டேய், ஒரு கை கொறயுது. வந்து உக்காரு" என்றார்.

வீடே நிசப்தமாகிவிட்டது. பொங்கல் சமயம்தான் மாமனார் நிலத்தைத் தோற்றதும். அவர் வந்து உட்கார்ந்தார். "வேணாம்மா" என்று ஒரு தடவை சொன்னார். "நான் இருக்கேன்ல, ஆடு" என்றார் அத்தை. தட்டோடு நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். ஆறு சீட்டையும் கையில் வாங்கியதும் அவர் விரல்கள் பழக்கத்தில் ரம்மிக்கு அடுக்குகிற மாதிரி தானாக அடுக்க ஆரம்பித்தன. மகள் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல செட்டெல்லாம் சேக்க வேணாம். பலகையைப் பாருங்க" என்றாள். அவர் சிரித்தார். அந்த ஆட்டத்தில் அம்மாவும் பிள்ளையும் ஒரு கட்சி. தோற்றார்கள். எழுந்ததும், "எவ்வளவு போச்சு?" என்று அத்தை கேட்டார். "ஒண்ணும் போகலம்மா" என்றார் அவர்.

வீட்டிலேயே செய்யலாம்

கடையில் வாங்க வேண்டும் என்பதில்லை. என் நாத்தனாருக்கு நானே ஒன்று செய்து கொடுத்தேன். சாதாரணச் சீட்டுக்கட்டு மூன்று போதும். ஒரு கட்டில் ஜாக்கி, ஜோக்கரை எடுத்துவிட்டு, மீதி 48 சீட்டிலும் எண்ணும் அடையாளமும் உள்ள இரண்டு மூலைகளையும் வெட்டிக் கொள்ளுங்கள். 96 துண்டு கிடைத்துவிடும்! கெட்டி அட்டையில் ஒன்றரை அங்குலக் கட்டமாகப் பத்துக்குப் பத்து வரைந்தால் பதினைந்து அங்குலப் பலகை. ஒரகடம் பக்கம் அட்டைப் பெட்டிக்கா பஞ்சம்! ஒரே படம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வராமல் ஃபெவிகாலில் ஒட்டி, மேலே கண்ணாடித் தாள் சுற்றிவிட்டால் குழம்புக் கையாலும் ஆடலாம். வில்லைக்கு இரண்டு நிறத்தில் சட்டைப் பொத்தான், நிறத்துக்கு 50. புளியங்கொட்டையும் வெள்ளை மொச்சையும் வைத்துப் பார்த்தேன், பலகை அசைந்தால் உருண்டுவிடுகிறது. கைக்குழந்தை உள்ள வீட்டில் பொத்தானை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள், வாயில் போட்டுக்கொள்ளும்.

ஷிப்ட் குடும்பங்களுக்கு நாங்கள் கண்டுபிடித்த ஒரு வழி. எல்லோரும் சேர்ந்து உட்கார முடியாத வாரங்களில் பலகையை அலமாரி மேல் விரித்து வைத்துவிடுவோம். ஆளுக்கு ஒரு பழைய டிபன் டப்பா, அதற்குள் அவரவர் சீட்டு. வேலையிலிருந்து வருகிறவர் கை கழுவிவிட்டுத் தன் முறையை ஆடி, அடுத்தவர் பெயரைச் சிலேட்டில் எழுதிவிட்டுத் தூங்கப் போகலாம். ஒரு ஆட்டம் முடியப் பத்து நாள் கூட ஆகும். விடியற்காலை வருகிறவர் செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா எங்க வெச்சாங்க?" என்று கேட்கிறார். முன்பெல்லாம் அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் பேச்சே இருக்காது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மணி ஐந்தரை. இரவு ஷிப்ட் வாரம். சிலேட்டில் அவர் பெயர் இருக்கிறது. அத்தை வலது பக்க மூலையில் மூன்று வில்லை சேர்த்துவிட்டு, இன்னும் ஒன்று வைத்தால் போதும் என்ற நிலையில், குளிக்கக் கூடப் போகாமல் திண்ணையில் காத்துக்கொண்டிருக்கிறார். அவர் டப்பாவில் ஒத்தைக் கண்ணன் ஒருவன் இருப்பது எனக்குத் தெரியும். தூசி துடைக்கும்போது தெரியாத்தனமாகத் திறந்து பார்த்துவிட்டேன். சொல்ல மாட்டேன். தெருமுனையில் பஸ் சத்தம் கேட்கிறது. காபிக்குப் பால் வைக்க வேண்டும்.